ஓர் உபபாத்திரத்திடம் பட்ட கடன்

இல்லாத ஒருத்திக்கு அநியாயம் இழைக்க முடியுமா? கேள்வியே அபத்தம் என்று தள்ளிவிடலாம். 1847ல் வெளிவந்த 'ஜேன் அயர்' நாவலில், தார்ன்ஃபீல்டு மாளிகையின் மூன்றாம் மாடியில் அடைத்துவைக்கப்பட்ட பெர்த்தா மேஸன் காகிதத்தில்தான் வாழ்ந்தாள், காகிதத்தில்தான் செத்தாள். அவளுக்கு உயிர் கிடையாது. ஆகவே உரிமையும் கிடையாது. ஆனால் அந்த நாவலைப் படித்தவர்கள் காகிதத்தால் ஆனவர்களல்ல. ராச்செஸ்டரின் பைத்தியக்கார மனைவி, தானே வைத்த தீயில் வீடு எரிகையில் கூரையிலிருந்து குதித்துச் செத்தாள் என்று தெரிந்ததும், ஜேனின் பொருட்டு நமக்கு ஒரு நிம்மதி உண்டாகிறது. ஒரு மனுஷியின் சாவு கதைக்குச் சௌகரியமாக அமைந்தது என்பதை உணராமலேயே அடுத்த பக்கத்துக்குப் போகிறோம். அந்த நிம்மதி நிஜமானது. அதை அனுபவித்தவர்களும் நிஜமானவர்கள். அநியாயம் என்று ஒன்று இருந்தால் அது இருப்பது இங்கேதான்.

பெர்த்தா சிரிக்கிறாள், உறுமுகிறாள், கடிக்கிறாள், பேசுவதில்லை. அவள் சொன்னதாக அவள் சகோதரன் ஒரு வாக்கியம் சொல்கிறான், அவ்வளவுதான். அந்த அறையில் அவளைப் பார்க்கும் ஜேனுக்கு, மனுஷியா மிருகமா என்று நிச்சயப்படவில்லை. ஷார்லட் ப்ராண்ட்டிக்கே இது உறுத்தியிருக்கிறது. 1848 ஜனவரியில், தம் பதிப்பகத்தைச் சேர்ந்த வில்லியம்ஸுக்கு எழுதிய கடிதத்தில், அத்தகைய சீரழிவைக் காணும்போது இரக்கமே எழவேண்டும் என்றும், தாம் பயங்கரத்தை மேலோங்க விட்டுவிட்டதாகவும் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டாலும் அவரால் அதை மாற்றியிருக்க முடியாது என்பது என் கட்சி. பெர்த்தா ஒரு மனுஷியாகிவிட்டால் ராச்செஸ்டரைக் களங்கமில்லாமல் நேசிப்பது ஜேனுக்கும் முடியாது, நமக்கும் முடியாது. இரக்கம் என்பது அங்கங்கே இரண்டு விசேஷணங்களைக் கூட்டிச் சேர்த்துவிடக் கூடியதல்ல. உண்மையாக நுழைந்தால் அது கட்டடத்தின் அஸ்திவாரத்தை அசைக்கும். ஆகவே இன்னொரு நாவல் வேண்டியிருந்தது.

அதை 1966ல் ஜீன் ரீஸ் எழுதினார்: 'வைட் ஸர்காஸோ ஸீ'. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டொமினிக்காவில் 1890ல் பிறந்தவர். அவருடைய தாய்வழி முன்னோர் அங்கே ஜெனிவா என்ற தோட்டத்தையும் அதன் அடிமைகளையும் உடைமையாக வைத்திருந்தவர்கள். பெர்த்தாவுக்கு இந்த நாவலில் ஒரு பெயர் இருக்கிறது, ஆன்ட்வானெட். குழந்தைப் பருவம் இருக்கிறது, தாய் இருக்கிறாள், எரிந்துபோன வீடு இருக்கிறது. 'பெர்த்தா' என்பது புருஷன் தன் வசதிக்காக அவளுக்கு இட்ட பெயர்.

மறக்கப்பட்டவளுக்கு நியாயம் வழங்கிவிட்டார் என்று இந்நாவலைப் பாராட்டுவது வழக்கம். இந்தப் பாராட்டின் மீது எனக்குச் சந்தேகம் உண்டு. நியாயம் வழங்குவது மட்டுமே நோக்கமென்றால் காரியம் மிகச் சுலபம்: தராசைத் திருப்பிப் பிடித்தால் போதும். பைத்தியம் புருஷனுக்குப் போய்விடும், புனிதம் மனைவிக்கு வந்துவிடும். ரீஸ் இப்படிச் செய்யவில்லை. நாவலின் நீண்ட நடுப்பகுதியில் பெரும்பங்கைப் புருஷனிடமே பேசக் கொடுத்துவிட்டார். சொத்தில் பங்கில்லாத இளைய மகன், முப்பதாயிரம் பவுனுக்காகத் தன்னை விற்றுக்கொண்ட அவமானம், புது மண்ணின் காய்ச்சல், எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்ற பயம் எல்லாம் அவன் வாயாலேயே வருகின்றன. மன்னிப்பு அவனுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் ப்ராண்ட்டி பெர்த்தாவுக்குச் செய்ததை ரீஸ் அவனுக்குச் செய்யவில்லை. அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது பெயரை மட்டும். நாவல் முழுவதும் அவன் பெயரில்லாதவன்.

இதே நேர்மையைப் புதுமைப்பித்தன் 'சாப விமோசன'த்தில் இதற்கு முன்பே காட்டியிருக்கிறார். அகலிகை மறுபடி கல்லாவது எல்லோருக்கும் நினைவிருக்கும். கோதமனின் மனசுக்கும் அவர் இடம் கொடுத்திருப்பதை எத்தனை பேர் கவனித்தோம்? இதிகாசத்தின் ஓரத்திலிருந்து ஒருத்தியைத் தூக்கிவந்து கூண்டிலேற்றி வாக்குமூலம் வாங்கும் கதைகள் நம்மிடம் மலிந்திருக்கின்றன. அவற்றில் பேசுவது ஆசிரியரின் அபிப்பிராயம். அவள் மறுபடியும் ஊமையாகவே திரும்பிப் போகிறாள்.

இனி நாவலின் சரித்திரம். 1808ல் வெளியான ஸ்காட்டின் 'மார்மியன்' 'ஜேன் அயரி'ல் அப்போதுதான் வந்த புத்தகமாகக் குறிக்கப்படுகிறது. ராச்செஸ்டரின் முதல் கல்யாணம் அதற்குச் சுமார் பதினைந்து வருஷம் முந்தியது. அந்தக் கணக்குப்படி பெர்த்தா பதினெட்டாம் நூற்றாண்டுப் பெண். ரீஸ் இந்தப் பஞ்சாங்கத்தைக் கிழித்துப் போட்டு, கதையை 1834க்கு அப்பால் தள்ளிவைத்தார். அடிமை ஒழிப்புச் சட்டம் அமலுக்கு வந்த வருஷம் அது. பிரிட்டிஷ் அரசு இரண்டு கோடி பவுன் நஷ்டஈடு ஒதுக்கியது. அந்தப் பணம் அடிமைகளின் எஜமானர்களுக்கு. அடிமைகளுக்கு ஒன்றுமில்லை, பெரும்பாலோர் 1838 வரை பழைய எஜமானர்களிடமே 'பயிற்சியாளர்' என்ற பெயரில் உழைக்க வேண்டியிருந்தது. இதற்காக அரசு வாங்கிய கடன் உருமாறி உருமாறி முழுவதும் தீர்ந்தது 2015ல். அந்தக் கணக்கில் அடிமையும் வருகிறான், விலை நிர்ணயிக்கப்பட்ட சரக்காக. பணம் பெறுகிறவனாக அல்ல. 

நாவல் தொடங்கும்போது ஆன்ட்வானெட்டின் வீடு இந்தப் பணத்துக்காகத்தான் காத்திருக்கிறது. காத்திருந்து அலுத்த பக்கத்துத் தோட்டக்காரர் தம் நாயைச் சுட்டுக் கொன்றுவிட்டுக் கடலில் நீந்திப் போய்விடுகிறார். அவருடைய துக்கம் நிஜமானது. அவர் எதை இழந்து துக்கப்படுகிறார் என்று கேட்டால்தான் நமக்குத் தொண்டை அடைக்கும். ஜேனின் கையும் சுத்தமல்ல. அவளுக்குச் சுயமரியாதையோடு திரும்பிவர வழிசெய்த 20,000 பவுனைச் சம்பாதித்த மதேரா சித்தப்பா, ஜமெய்க்காவின் மேஸன் குடும்பத்தோடு வியாபாரத் தொடர்புள்ளவர்.

ஆக, அநியாயம் இழைக்கப்பட்ட ஆன்ட்வானெட்டே ஓர் அநியாயத்தின் வாரிசு. அவளோடு விளையாடிய கறுப்புச் சிறுமி டியா. அவளை வளர்த்த கிறிஸ்டோஃபின், தாய்க்குக் கல்யாணப் பரிசாகக் கொடுக்கப்பட்டவள். பரிசாக ஒரு மனுஷி! புருஷனை எதிர்த்து நின்று நாவலிலேயே மிகத் தெளிவாகப் பேசுகிறவள் இந்தக் கிறிஸ்டோஃபின்தான். பேசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்து போகிறாள். அதன்பின் ஆன்ட்வானெட்டின் கனவில் கூப்பிடப்படும் ஒரு பெயராக மட்டுமே வருகிறாள். காயத்ரி ஸ்பிவாக் 1985ல் எழுதிய கட்டுரையில் இதைச் சுட்டினார்: வெள்ளை கிரியோல் பெண்ணின் பொருட்டு எழுதப்பட்ட நாவலுக்குள் கிறிஸ்டோஃபினை அடக்க முடியவில்லை என்று.

அப்படியானால் ஒருத்தியை ஓரத்திலிருந்து மீட்பது இன்னொருத்தியை ஓரத்துக்குத் தள்ளித்தானா? டியாவுக்கு ஒரு நாவல் எழுதலாம். அதற்கும் ஒரு ஓரம் இருக்கும். முடிவில்லாத இந்தச் சங்கிலியைக் காட்டி, முயற்சியே வீண் என்று கைகழுவுவது எளிது. அது சோம்பேறியின் தத்துவம். கடன் முழுவதும் அடையாது என்பது தவணை கட்டாமலிருக்கக் காரணமாகாது.

வீடு எரியும் இரவில் ஆன்ட்வானெட் டியாவிடம் ஓடுகிறாள். டியா கல்லை எறிகிறாள், எறிந்துவிட்டு அழுகிறாள். அந்த முகத்தில், கண்ணாடியில் பார்ப்பதுபோல், ஆன்ட்வானெட் தன்னையே பார்க்கிறாள். டியா எதைப் பார்த்தாள்? நாவல் சொல்லவில்லை. ஒரு கெட்டிக்கார எழுத்தாளர் அந்த இடத்தில் டியாவின் மனசுக்குள் புகுந்து நாலு பக்கம் எழுதியிருப்பார். ரீஸ் தமக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ப்ராண்ட்டியின் நாவலில் பெர்த்தாவின் மௌனம், அங்கே சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று நம்மை நம்பவைக்கிறது. டியாவின் மௌனத்தில் நிறைய இருக்கிறது. இவரால் சொல்லத்தான் முடியவில்லை என்பது நமக்குத் தெரிகிறது. எந்த நாவலும் எல்லோருக்கும் பேசிவிட முடியாது. தான் பேசாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறைக்காமலிருக்கலாம்.

நம்மில் யாராவது ஊர்மிளையையோ சூர்ப்பனகையையோ எழுத உட்காரும்போது, இவளுக்கு என்ன பேச இருக்கிறது என்பதோடு இன்னொன்றையும் கேட்டுக்கொள்வது நல்லது: இவள் பேசும்போது தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவள் யார்?