நட்டம் யார் கணக்கில்?

அண்டை நாட்டில் பணம் போடலாமா என்று கேட்டு வருகிறவர்கள் கையில் இப்போதெல்லாம் ஓர் அறிக்கை இருக்கிறது. ஆட்சி நிலைக்குமா, அந்நியச் செலாவணி எத்தனை மாத இறக்குமதிக்குத் தாங்கும், விலைவாசி எங்கே போகிறது, லாபத்தை வெளியே எடுக்க விடுவார்களா என்று எல்லாவற்றையும் கட்டம் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆடிட்டர் தொழிலை விட்டு ஓய்ந்த பிறகும் திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டுக்கு இப்படிச் சிலர் வருவதுண்டு. அண்மையில் வந்தவர் பழைய கட்சிக்காரர் ஒருவரின் மகன், சிங்கப்பூரில் வேலை.

"ஸ்ரீலங்கா எழுந்துடுச்சு சார். பாண்டுல போடலாம்னு பாக்குறேன். வட்டி நல்லாருக்கு."

"கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்குப்பா. நாளைக்கே அங்க மறுபடி விழுந்தா, அந்த நட்டத்தை யார் தாங்குறது?"

"அது அவங்க பாடு இல்லையா சார்?"

அந்தப் பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை; வட்டித் தொழிலின் இலக்கணமே அதுதான். ஆனால் 'அவங்க பாடு' என்று சொல்லிவிட்டு ஒருவன் சம்பாதிக்கிற பொருள் அறவழியில் வந்த பொருளா? பொருளாதாரப் புத்தகம் இதற்குப் பதில் சொல்லாது. சமயங்கள்தான் இதைக் கேட்டிருக்கின்றன.

இதைப் பர்மாவை வைத்துத்தான் என்னால் யோசிக்க முடிகிறது. நான் பி.காம். படித்தது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கிய அண்ணாமலை செட்டியார், 1929இல் அது பல்கலைக்கழகமாவதற்கு 20 லட்சம் ரூபாய் கொடுத்தார். அவருடைய குடும்பத்தின் பணமும், நகரத்தார் எனப்படும் செட்டியார் சமூகத்தின் பணமும் பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து போய் உழைத்த பணம்.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு ஐரோப்பாவுக்கு அரிசி ஏற்றுவது லாபமானது. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காட்டை வெட்டி வயலாக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கீழ்ப் பர்மாவில் பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த நெல் நிலம், 1930களில் எண்பது லட்சத்தைத் தாண்டியது. காடு திருத்துகிறவனுக்கு முதல் வேண்டும். வெள்ளைக்கார வங்கிகள் பர்மிய உழவனை வாசலில் சேர்க்கவில்லை. அவை செட்டியாருக்குக் கொடுத்தன; செட்டியார் தம் முதலையும் சேர்த்து உழவனுக்குக் கொடுத்தார்.

ஊர் ஊராகக் கிட்டங்கிகள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியான ஆட்கள். மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்புவார்கள். ரங்கூன் மொகல் தெருவில் இருந்த கோயிலில் கூடித்தான் மாதாமாதம் தங்களுக்குள் நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். லாபத்தில் ஒரு பகுதியை மகமை என்று தருமத்துக்கு எடுத்து வைத்தார்கள். 1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள். அவர்கள் போட்டிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்று அந்நாளைய வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. உள்ளூர் லேவாதேவிக்காரர்களைவிட இவர்கள் வட்டி குறைவு என்பதும் பதிவாகியிருக்கிறது. இவர்களைக் கொடுமைக்காரர்களாக மட்டும் காட்டும் கதையை நான் ஏற்கமாட்டேன்.

1930இல் உலக மந்தம் வந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. கடனோ ரூபாயில் எழுதியது, அது இறங்கவில்லை. ஒரே கடனுக்கு இரண்டு பங்கு நெல் அளக்க வேண்டிய நிலை. உழவனால் முடியவில்லை, ஈடு வைத்த நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் ஆறு சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938இல் அது இருபத்தைந்து சதவீதம். நிலத்தை அவர்கள் விரும்பி வாங்கவில்லை. பணம் சுழல வேண்டிய தொழிலில் நிலம் வந்து முடங்குவது அவர்களுக்கும் இடிதான். ஆனால் வயலை இழந்து அதே வயலில் குத்தகைக்கு நிற்கிறவனுக்கு இந்த விளக்கம் எதற்கு உதவும்?

அதற்குப் பிறகு நடந்தவை தெரிந்த கதை. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தபோது லட்சக்கணக்கானவர்கள் காடு மலை வழியே நடந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வழியிலேயே செத்தார்கள். 1948இல் விடுதலை பெற்ற பர்மா, அதே ஆண்டு நில தேசியமயச் சட்டம் போட்டது. 1960களில் நே வின்னின் ராணுவ ஆட்சி வங்கிகளையும் கடைகளையும் எடுத்துக்கொண்டது. சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள்.

"அது வினைப்பயன்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அடுத்தவன் நிலத்தை வாங்கினான், ஆண்டவன் பிடுங்கினான் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இதை எங்கள் ஊர்க்காரர் யாரும் சொல்லக் கூடாது. ஒரு பல்லவ மன்னன் அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் எறிந்ததாகவும், அந்தக் கல்லே தெப்பமாகி அவர் கரையேறியது எங்கள் ஊரில் என்றும் பெரியபுராணம் வழி வந்த நம்பிக்கை. கரையேறவிட்ட குப்பம் என்றே இங்கே ஓர் ஊர் இருக்கிறது. அந்தக் கதையில் கல்லில் கட்டப்பட்டவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அடிபட்டவனைப் பார்த்து 'என்ன பாவம் செய்தானோ' என்று கணக்குப் போடுகிறவன், பாடலீசுவரர் கோயிலுக்குப் போய்வந்தும் அப்பர் கதையைக் காதில் வாங்காதவன்.

சைவ சித்தாந்தமும் அப்படிக் கணக்குப் போட இடம் கொடுப்பதில்லை. மெய்கண்டார், அருணந்தி, மறைஞான சம்பந்தர், உமாபதி என்ற சந்தானக் குரவர் நால்வரும் இந்தத் தென்னார்க்காட்டு மண்ணோடு தொடர்புடையவர்கள். உமாபதி சிவம் சிதம்பரத்துக் கொற்றவன்குடிக்காரர். வினை சடம், அது தானாகப் போய்ச் செய்தவனைத் தேடிப் பிடிக்காது, கூட்டுவிப்பவன் இறைவன் என்பது அவர்கள் கொள்கை. அப்படியானால் பிறர் கணக்கைப் படித்துத் தீர்ப்பு எழுத நமக்கு அதிகாரமில்லை. உலக நடப்பும் அதைத்தான் காட்டுகிறது. பணத்தை முன்கூட்டியே ஊருக்குத் திருப்பிய சில செட்டியார் குடும்பங்கள் நன்றாகவே வாழ்ந்தன. அரிசி ஏற்றுமதியில் கொழித்த வெள்ளைக்காரக் கம்பெனிகளின் லாபம் பெருமளவு அதற்கு முன்பே லண்டன் போய்ச் சேர்ந்துவிட்டது. கடைசியில் கப்பலேறியவர்களில் பலர் ஒரு காணி நிலத்தையும் ஈடு வாங்காத கூலிகள், சில்லறைக் கடைக்காரர்கள்.

ஆகவே 'அநியாயமாகச் சம்பாதித்தால் போய்விடும்' என்று பயம் காட்டி அறம் சொல்ல முடியாது. போகாமலும் இருக்கும். போகாவிட்டாலும் அது சரியா என்பதுதான் கேள்வி.

தருமம் செய்தால் நேராகிவிடாதா? மகமை அந்த நம்பிக்கையில்தான் நின்றது. தில்லைக் கோயில் திருப்பணியிலும் நகரத்தார் பொருள் கலந்திருக்கிறது. நான் உட்கார்ந்து படித்த நூலகத்தின் செங்கல்லில் ஐராவதி நெல்லின் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. என் அப்பா வசதியானவர் அல்ல. அந்தப் பல்கலைக்கழகம் இல்லாவிட்டால் நான் ஆடிட்டர் இல்லை. அந்தக் கொடைக்கு நான் நன்றியுள்ளவன். ஆனால் தொழில் புத்தி ஒன்றைச் சொல்கிறது: ஒருவரிடம் பட்ட கடனை இன்னொருவர் பெயரில் வரவு வைத்துத் தீர்க்க முடியாது. கொடை புண்ணியம்தான், சிதம்பரத்தில் பெற்றவன் பயனடைந்தான். பர்மாவின் பியாபோனிலோ பெகுவிலோ நிலம் போனவனுடைய பேரேட்டில் அந்த வரவு ஏறாது.

இந்த இடத்தில் பரங்கிப்பேட்டைக் கட்சிக்காரர்கள் எனக்குக் கற்றுத் தந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மரக்காயர் குடும்பங்கள், தலைமுறைகளாகக் கடல் வணிகம். வட்டி ஹராம் என்பதைக் கண்டிப்பாகப் பிடிப்பவர்கள் அவர்களில் உண்டு. இளவயதில் இதை வெறும் மத விதி என்றுதான் நினைத்தேன். அவர்களுடைய கூட்டுக் கணக்குகளை எழுதியபோதுதான் அதன் நியாயம் பிடிபட்டது. ஒருவர் முதல் போடுவார், ஒருவர் உழைப்பார். லாபம் வந்தால் பேசிய விகிதத்தில் பங்கு. சரக்கு மூழ்கினால் முதல் போட்டவருக்குப் பணம் போயிற்று, உழைத்தவருக்கு உழைப்பு போயிற்று. பணத்தின் மேல் லாபம் பார்ப்பதை இஸ்லாம் தடுக்கவில்லை. நட்டம் வந்தாலும் எனக்கு வர வேண்டியது வந்தாக வேண்டும் என்பதைத்தான் தடுக்கிறது. 1930இல் நெல் விலை விழுந்தபோது பர்மிய உழவனைக் கொன்றது வட்டியின் சதவீதத்தைவிட அந்த 'வந்தாக வேண்டும்'தான்.

இப்போது இலங்கைக்கு வருகிறேன். 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அந்த நாடு அறிவித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் பணவீக்கம் எழுபது சதவீதத்தை நெருங்கியது. தலைமன்னார்ப் பக்கமிருந்து குழந்தை குட்டிகளோடு படகேறி தனுஷ்கோடி மணல் திட்டில் வந்து இறங்கினார்கள். தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசியும் பால் பவுடரும் மருந்தும் அனுப்பியது. 2023 மார்ச்சில் பன்னாட்டு நிதியத்தின் கடன் வந்தது; 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க அதிபரானார். அறிக்கைகள் 'மீட்சி' என்று எழுதுகின்றன. அது பொய்யில்லை.

ஆனால் நட்டம் யார் தலையில் இறங்கியது என்று பாருங்கள். 2023இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது வங்கிகளின் ரூபாய்க் கடன்பத்திரங்களைத் தொடவில்லை. ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகளைத்தான் குறைந்த வட்டிக்கு இழுத்தார்கள். சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்த காசு. வெளிநாட்டுப் பத்திரக்காரர்களோடு நடந்த பேச்சு 2024 டிசம்பரில் முடிந்தது. சுமார் 1,250 கோடி டாலர் பத்திரங்கள் மாற்றி எழுதப்பட்டன. அவற்றில் ஒரு வகை எனக்கு வியப்பு: நாட்டின் உற்பத்தி உயர்ந்தால் கொடுத்தவருக்குக் கூடுதலாக வரும், தாழ்ந்தால் குறையும். பரங்கிப்பேட்டைக் கூட்டு வணிகத்தின் வாசனை அதில் அடிக்கிறது. ஏறும்போது கிடைக்கும் பங்கு இறங்கும்போது விடும் பங்கைவிடப் பெரிது என்று விமர்சித்தவர்களும் உண்டு. என்றாலும் கடன் கொடுத்தவனுக்கும் விளைச்சலுக்கும் சம்பந்தம் உண்டு என்று பத்திரத்திலேயே எழுதினார்களே, அது சிறிய காரியமல்ல.

பர்மாவில், அதாவது இன்றைய மியான்மரில், அந்த வழியும் இல்லை. 2021 பிப்ரவரி 1இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த ஆண்டு வெளிநாட்டுப் பணத்தைக் கட்டாயமாகக் கியாத்தாக மாற்றச் சொன்னது. யாங்கூனில் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த அதானி நிறுவனம் அதை 2023இல் 3 கோடி டாலருக்கு விற்றுவிட்டு வெளியேறியது. அங்கே இன்று நட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று பேசக்கூட மக்கள் பக்கம் உட்கார ஆளில்லை. அவர்கள் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாத ஆட்சியோடு கையெழுத்துப் போட்டு வரும் லாபத்தை நான் தீட்டு என்றே சொல்வேன், அறிக்கை எவ்வளவு நல்ல மதிப்பெண் போட்டாலும்.

அந்நிய நாட்டில் பணம் போடுவது பாவமில்லை; கடல் தாண்டி வணிகம் செய்துதான் இந்தக் கரை வளர்ந்தது. போடுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உத்தரவாத வட்டியைவிட, நன்மை தீமை இரண்டிலும் பங்குள்ள முதலீட்டைத் தேடுங்கள். கடனாகத்தான் கொடுப்பீர்கள் என்றால், அங்கே விளைச்சல் பொய்க்கும் ஆண்டில் எவ்வளவு விட்டுக்கொடுப்பீர்கள் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். ஒரு ரூபாயும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை என்றால் அந்த நாட்டுக்குப் போகாதீர்கள்; பணத்தை நம் ஊர் அஞ்சலகத்திலேயே போட்டு வையுங்கள்.