கற்களின்மேல் பழி

அநீதி நிகழ்ந்த இடம் அழிந்துபோனால், நீதி கிடைத்துவிட்டது என்று பொருளாகுமா?

இங்கிலாந்தில் நீன் ஆற்றங்கரையில் ஃபாதரிங்கே என்னும் சிற்றூர் உள்ளது. மூன்றாம் ரிச்சர்டு மன்னர் 1452-இல் பிறந்த பெருங்கோட்டை ஒன்று அங்கே இருந்தது. இன்று அவ்விடத்தில் புல் மூடிய ஒரு மேடும், ஆற்றோரம் வேலிக்குள் கிடக்கும் ஒரு கற்கட்டுத் துண்டுமே எஞ்சியுள்ளன.

அக்கோட்டையின் பெருமண்டபத்தில்தான், 1587 பிப்ரவரி 8 அன்று, ஸ்காட்லாந்து அரசி மேரி தலை வெட்டப்பட்டு இறந்தார். இங்கிலாந்து அரசி எலிசபெத்தைக் கொல்லும் சதிக்கு உடன்பட்டார் என்பது குற்றச்சாட்டு. மேரி அதை மறுத்தார். விசாரணையில் தமக்காக வாதாட ஒரு வழக்கறிஞரைக்கூட அவர் பெறவில்லை. இறுதி வேளையில் தம் குருவைக் காணவும் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆயினும், தம்மைக் கொல்ல வந்தவனை அவர் மன்னித்தார். தம் ஆவியை இறைவனின் கைகளில் ஒப்படைத்தார்.

கோட்டை எவ்வாறு மறைந்தது? மேரியின் மகன் ஜேம்ஸ் 1603-இல் இங்கிலாந்தின் அரியணை ஏறியதும், தாயின் இரத்தத்திற்குப் பழியாக அதை இடித்துத் தரைமட்டமாக்கினார் என்றொரு கதை நெடுங்காலம் வழங்கிவந்தது. கேட்பதற்கு நிறைவளிக்கும் கதை, ஆனால் உண்மையன்று. ஜேம்ஸ் 1625-இல் இறந்தபோதும் கோட்டை நின்றுகொண்டுதான் இருந்தது. கவனிப்பாரற்றுச் சிதைந்த அது, 1630-களில் பிரிக்கப்பட்டது. அதன் கற்கள் வேறு கட்டடங்களுக்குச் சென்றன.

ஜேம்ஸ் செய்தது வேறொன்று. 1612-இல் தாயின் உடலை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குக் கொணர்ந்து, அங்கே கல்லறைச் சின்னம் எழுப்பினார். தாயின் மரண ஆணையில் கையொப்பமிட்ட எலிசபெத்துக்கும் அவரே சின்னம் எழுப்பியிருந்தார். ஒரே சிற்றாலயத்தின் இரு பக்கங்களில் அவ்விரு அரசியரும் துயில்கின்றனர். இதில் அரசியல் கணக்கும் கலந்திருக்கலாம். எனினும், இடித்ததாகச் சொல்லப்பட்ட கை, உண்மையில் கட்டிய கையாகவே இருந்தது.

பிறகு ஏன் அப்பொய்க் கதை நிலைத்தது? நம் உள்ளம் அதை விரும்பியதால்தான். நமக்குத் தீங்கிழைத்தவரின் வீடு மண்மேடாகட்டும் என்று நாம் மனத்துக்குள் சபித்ததில்லையா? அவ்வீடு விழுந்தால், அதைக் கடவுளின் தீர்ப்பு என்று சொல்லி மகிழ்ந்ததில்லையா? விழாத வீட்டையும் நம் கதைகளில் விழச் செய்கிறோம். நீதியின் பெயரால் சொன்னாலும் பொய் பொய்யே.

எருசலேமில் கல்லின்மேல் கல் இராதபடி அழிவு வரும் என்று உரைத்த ஆண்டவர், அந்நகரைக் கண்டு அழுதார். தம்மைப் புறக்கணித்த நகரின் வீழ்ச்சியில் அவர் மகிழவில்லை. வீழ்ச்சியைக் கண்டு மகிழ்வது இறைவனின் நீதியாகாது என்பதற்கு அக்கண்ணீரே சான்று.

மேரி மன்னித்தபோது மண்டபம் இடியவில்லை, சுவர்கள் அசையவில்லை. கொன்றவர்களின் கோட்டை கம்பீரமாக நிற்கையிலேயே அம்மன்னிப்பு பிறந்தது. பகைவரின் கோட்டை விழட்டும், பிறகு மன்னிக்கலாம் என்று நாம் காத்திருக்கிறோம். அது விழும்வரை நம் நெஞ்சில் அல்லவா அந்தக் கோட்டையைச் சுமந்து திரிகிறோம்!