கால்கட்டு மட்டும் போதுமா?

கலியாணம் என்னும் கால்கட்டைப் போட்டுவிட்டால் பையன் தானே திருந்துவான் என்பது நம் பெற்றோர் பலருடைய நம்பிக்கை. விவாகமும் பிள்ளைப்பேறும் ஓர் ஆண்மகனை மெய்யாகவே மாற்றுகின்றனவா?

பிலிப்பைன்ஸ் தேசத்துச் செபு நகரில் 624 வாலிபரை 2005-ம் ஆண்டிலும், மறுபடி 2009-ம் ஆண்டிலும் சோதித்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் சுரப்பு, இடையில் குடும்பஸ்தராகித் தகப்பன்மாரும் ஆனவர்களிடம், தனியாளாய் இருந்தவர்களைவிட அதிகமாய்க் குறைந்திருந்தது. அந்தத் தகப்பன்மாருக்குள்ளும் வித்தியாசம் உண்டு. தினமும் 3 மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைக் கவனித்தவர்களிடம், கவனியாதவர்களைவிட அது தாழ்ந்திருந்தது. 2011-ல் வெளியான ஆராய்ச்சி இது.

இதனால் ஆண்மை போயிற்று என்று எவரும் அஞ்ச வேண்டாம். இது வியாதியன்று. போட்டிக்கு எழும் வேகம் சற்றுத் தணிந்து, பராமரிப்புக்கு இடம் விடுகிறது, அவ்வளவே.

ஆகையால் பெற்றோரே, குடியிலும் ஊதாரித்தனத்திலும் கிடக்கும் மகனைத் திருத்தும் பாரத்தை ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் தலையில் சுமத்துவது நியாயமாகுமா? தாலி கட்டியது அவன் கைதான்; ஆனால் அந்தக் கை தொட்டிலை ஆட்டாமலே இருந்துவிடவும் கூடும். பிள்ளை பிறந்த அன்று தகப்பன் என்ற பெயர் கிடைக்கிறது. அந்தக் குணமோ, பிள்ளைக்குச் செலவிடும் நேரத்தில்தான் ஊறுகிறது.

குடும்பத் தலைவர்களே, பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் தூங்க வைப்பதும் பெண்பிள்ளை வேலை என்று ஒதுங்காதீர்கள். இன்று மாலை வீடு திரும்பியதும், குழந்தையைத் தாயின் இடுப்பிலிருந்து உங்கள் தோளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.