அச்சுத் துளையில் இருக்கும் சுகம்

போர்ஷே 911 காரின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், ஹப்பின் நடுவில் வட்டமாகத் துருத்திக்கொண்டு ஒரு விளிம்பு தெரியும். அதன் விட்டம் 71.6 மில்லிமீட்டர். பழைய பி.எம்.டபிள்யூ. மாடல்கள் பலவற்றில் அது 72.6. சக்கரத்தின் நடுத் துளையில் பொருந்தி, அதை ஹப்பின் சரியான மையத்தில் உட்கார வைப்பது இந்த விளிம்புதான். ஒன்றுக்குச் செய்ததை இன்னொன்றில் மாட்டினால் மையம் பிசகலாம். வேகம் கூடும்போது ஸ்டீயரிங் உதறும்.

இந்தத் துளைக்கும் மனிதன் தேடும் சுகத்துக்கும் ஓர் உறவு உண்டு. வடமொழியில் 'சு' என்றால் நல்ல, 'க' என்றால் துளை. நல்ல அச்சுத் துளை உடையது என்பதே 'சுகம்' என்ற சொல்லின் ஆதிப் பொருள் என்று மோனியர் வில்லியம்ஸ் அகராதி குறிப்பிடுகிறது. ரிக் வேதத்தில் அந்தச் சொல் தேருக்கு அடைமொழியாக வருகிறது. நன்றாக நிற்பது என்ற பொருளிலிருந்து பிறந்தது என்போரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும், சுகம் முதலில் ஒரு பொருத்தத்தின் பெயர்.

அந்தப் பொருத்தத்துக்கு நடுவே நுழைவதுதான் வீல் ஸ்பேசர். ஹப்புக்கும் சக்கரத்துக்கும் இடையில் வைக்கும் அலுமினிய வட்டு அது. பக்கத்துக்கு 10 மி.மீ. வைத்தால் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 20 மி.மீ. கூடும். உள்ளடங்கிய டயர் ஃபெண்டரின் விளிம்புக்கு வந்து நிற்கும். காருக்கு ஒரு மிடுக்கு வரும். கூடவே வீல் பேரிங்கின் சுமையும் ஏறும். பள்ளத்தில் இறங்கும்போது டயர் ஃபெண்டரில் உரசலாம்.

மெல்லிய ஸ்பேசரைத் தாண்டி ஹப்பின் விளிம்பு எட்டும். கொஞ்சம் தடித்தால் விளிம்பு உள்ளே மறைந்துவிடும். அப்போது ஸ்பேசருக்கே அதே அளவில் இன்னொரு விளிம்பு கடைந்திருக்க வேண்டும். போல்ட்டும் ஸ்பேசரின் தடிமன் அளவுக்கு நீளமாக வேண்டும். பழைய போல்ட்டையே போட்டால் மரை போதிய அளவு பிடிக்காது. சக்கரம் மாட்டிய பிறகு இவை எதுவும் வெளியே தெரியாது. வாங்குபவரின் மனசாட்சிக்கு மட்டுமே தெரியும்.

தன் காரைத் தன் விருப்பப்படி மாற்றும் உரிமை ஒருவருக்கு எதுவரை உண்டு? கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பதே மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின் பொருள் என்றது தீர்ப்பு. அதே ஆண்டு வந்த திருத்தம், மீறும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் என்றது.

சட்டம் வண்டியைப் பார்க்கிறது. அதை ஓட்டுபவனைப் பார்த்துப் பேசிய ஒருவர், கேரளத்தில் டெக்னோபார்க் இருக்கும் கழக்கூட்டத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, செம்பழந்தியின் வயல்வாரம் வீட்டில் பிறந்தார். ஸ்ரீ நாராயண குரு 1897இல் இயற்றிய 'ஆத்மோபதேச சதக'த்தில், தன் சுகத்துக்காக ஒருவன் செய்வது பிறருக்கும் சுகமாக அமைய வேண்டும் என்கிறார். தன் சுகத்தை விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை. ஒரே செயலில் இரண்டும் கூட வேண்டும் என்பதுதான் அவர் கேட்பது. விட்டுவிடச் சொல்வதைவிட இது கடினமான கோரிக்கை.

கழக்கூட்டத்தில் 2022இல் திறந்த மேம்பாலச் சாலை சுமார் 2.7 கிலோமீட்டர் நீளம். காலி நேரத்தில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவரின் கால் தானாகவே அழுத்தும் சாலை. அதே பாதையில் பக்கத்தில் பின்னிருக்கையில் குழந்தையோடு ஒரு ஸ்கூட்டர் போகிறது. காரின் மிடுக்கை அந்தக் குழந்தையும் வாய் பிளந்து ரசிக்கலாம். ஆனால் விலை மலிவென்று வாங்கிய, விளிம்பில்லாத ஒரு வட்டிலிருந்து போல்ட் தளர்ந்தால், முதலில் அடி வாங்குவது அந்த ஸ்கூட்டர்.

போர்ஷே நிறுவனமே 911க்கு 5 மி.மீ. ஸ்பேசரை, அதற்கேற்ற நீள போல்ட்டுகளோடு, தொழிற்சாலை விருப்பப் பட்டியலில் தந்திருக்கிறது. தடித்த ஸ்பேசர் தரும் தோற்றம் அதில் கிடைக்காது. ஆனால் அந்தக் காரின் பேரிங்கையும் ஃபெண்டரையும் வடிவமைத்தவர்களே அளந்து கொடுத்தது அது. மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்சை எடுத்து ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி பார்க்க வேண்டும். 'க்ளிக்' என்ற அந்தச் சத்தத்துக்காகக் குனிந்திருக்கும் சில நிமிடங்கள், ஸ்கூட்டரில் போகும் முகம் தெரியாத குழந்தைக்கும் சேர்த்துச் செலவாகின்றன.