மாகேசுர பூசை

சைவத் திருமடங்களிலும் திருக்கோயில்களிலும் குருபூசை, திருவிழா முதலிய காலங்களில் அடியார்களை அமுது செய்வித்தல் மாகேசுர பூசை எனப்படும். இச்சொல்லை மகேசுர பூசை எனக் குறுக்கி வழங்குவாரும் உளர். குறைவது ஒரு மாத்திரையே. எனினும் பொருள் வேறாம். மகேசுரன் என்பது இறைவன் பெயர். சிவனுக்கு உரியார் சைவர் எனவும், விட்டுணுவுக்கு உரியார் வைணவர் எனவும் முதலெழுத்துத் திரிந்து வருதல் போல, மகேசுரனுக்கு உரியார் மாகேசுரர் ஆயினர். வடநூலார் இதனைத் தத்திதாந்தம் என்ப. ஆகவே, மாகேசுர பூசையாவது அடியாரைப் பூசித்தல் என்க.

அமுதளித்தலைத் தானம் என்னாது பூசை என்றது என்னையெனின், கூறுதும். உலக வழக்கில் தானஞ் செய்வோன் உயர்ந்தும் ஏற்போன் தாழ்ந்தும் நிற்பர். பூசையிலோ இடுவோனே தாழ்ந்து நிற்பவன். சிவஞானபோதம் 12-ஆம் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுமாறு விதித்தது. கோயிலில் இடுவது அடியார்க்குச் சென்று சேராது, அடியார்க்கு இடுவதோ இறைவனையும் சென்று சேரும் என்பது திருமூலர் திருவுள்ளம். மயிலையிற் பூம்பாவையை எழுப்பியருளிய ஞானசம்பந்தப் பிள்ளையாரும், அடியாரை அமுது செய்வித்தலையும் விழாப் பொலிவு காண்டலையும் பிறவிப் பயனாக வைத்தருளினர் எனச் சேக்கிழார் பெருமான் விளக்கினர்.

அற்றேல், உண்ண வருவாரெல்லாம் மெய்யடியாரோ? பசி தீர்தற்கு நீறு பூசி வருவாரும் உளரன்றோ எனின், அதனை ஆராய்தல் பூசிப்பான் தொழிலன்று. பகைவன் வஞ்சத்தாற் கொண்ட வேடத்தையும் மெய்யெனத் தொழுதார் மெய்ப்பொருள் நாயனார். அவனோ கொல்ல வந்தான். இவர் உண்ணவே வந்தனர்.

பொருள் மிக்கார்க்கே இஃது இயல்வது என்றலும் பொருந்தாது. இளையான்குடி மாற நாயனார், வறுமையுற்ற காலத்து, மழை பெய்யும் நள்ளிரவில் விதைத்த நெல்லை வாரிக் கொணர்ந்தும், வீட்டின் வரிச்சுகளை அறுத்து விறகாக்கியும் அடியாரை அமுது செய்வித்தனர்.

ஆகலின், செல்வரை முதற்பந்தியில் இருத்தி, எளிய அடியாரை வாயிலிற் காக்க வைத்து, எஞ்சியதை இடுதல், எத்துணை இலையிடினும் மாகேசுர பூசை ஆகாது. அது சோறிடுதலேயாம். இதனை நடத்துவோர், வந்தாரைக் கைகூப்பி எதிர்கொண்டு, அனைவரையும் ஒரு பந்தியில் இருத்தி, தாம் பின்னுண்டு, அச்சொல்லின் பொருளைக் காப்பாராக.

திருச்சிற்றம்பலம்.