திங்களூர்த் தண்ணீர்ப்பந்தர்

சென்ற ஆண்டுக் குருபூசையன்று மடத்துத் திண்ணையில் நிகழ்ந்த உரையாட்டில் ஒரு வினா எழுந்தது. "பசித்தவன் தன் வினைப்பயனையன்றோ நுகர்கின்றான்? அதனை ஊட்டுவோன் இறைவன் என்பது நம் துணிபு. நாம் இடைபுகுந்து சோறிடுதல் அவ்வருட்செயலுக்கு மாறாகாதோ?" என்றார் கற்றறிந்த அன்பரொருவர். வினாவியவர் ஈயாதவரல்லர், ஆண்டுதோறும் மாகேசுர பூசைக்கு நெல் அளப்பவர். ஆகலின் அவ்வினாவை உலோபத்தின் சூழ்ச்சியென்று தள்ளுதற்கில்லை. அன்று யாதோ விடை கூறினோம். அது நமக்கே நிறைவு தந்திலது. பின்னர் எண்ணியதை ஈண்டு எழுதுகின்றோம்.

வினை சடம், தானே சென்று செய்தானைப் பற்றமாட்டாது. அதனை அறிந்து கூட்டுவிப்போன் இறைவனே என்பது சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரவழி நாம் கற்றது. கூட்டுவிக்குங்கால் அவன் தாய், மருத்துவன், அரசன், மழை, பயிர் எனக் கருவிகள் பல கொள்கின்றான். ஒருவனுடைய பசி வினைப்பயனாயின், அப்பசி தீர வருஞ் சோறும் வினைப்பயனேயாம். எத்துணைப்பொழுது அவன் பசித்திருத்தல் வேண்டுமென்று அளந்து வைத்தவன் ஒருவன். அவ்வளவு முடிந்ததோ முடிந்திலதோ என்று பார்த்தற்குரிய கணக்கேடு நம் கையில் தரப்படவில்லை. நம் கையில் இருப்பது அகப்பை ஒன்றே. அன்றியும், அவன் பசி அவனது பிராரத்தம். அவனைக் கண்டவிடத்து நாம் செய்வது நமது ஆகாமியம். அவனது கணக்கை ஆராய்வான் புகுந்து நமது கணக்கை மறத்தல் அறிவுடைமையாமோ?

இதனைப் பிறர்க்கு உரைக்கும் தகுதி நமக்கு முழுதும் உண்டென்று கொள்ளற்க. சில ஆண்டுகட்கு முன் ஒரு குருபூசையிற் பந்தி விசாரிக்கும் பணி நமக்கு வாய்த்தது. நீறணியாத நெற்றியோடு முதியவரொருவர் வாயிலில் வந்து நின்றார். எவ்வூர், யாருடன் வந்தீர், தீக்கை பெற்றதுண்டோ என்று ஒன்றன்பின் ஒன்றாக வினவினோம். முறை பிறழலாகாது என்பதே நம் கருத்து. அவர் முதலிரண்டற்கு விடை கூறினார். மூன்றாவது வினா அவர்க்கு விளங்கவேயில்லை. மேலோரைக் கேட்டு வருவோமென்று உள்ளே சென்று மீண்டபோது அவர் இருந்த இடம் வெறிதாயிருந்தது. தெருமுனைமட்டும் சென்று பார்த்தோம்; காணோம். அன்று நம் இலையில் இட்ட சோறு உள்ளே செல்லவில்லை.

அடியார்க்கு அமுது செய்வித்தல் சிவபுண்ணியம் என்பதில் நமக்கு ஐயமில்லை. விதைத்த நெல்லை மழையிரவில் வாரிவந்து அமுதாக்கிய இளையான்குடி மாறனார் திறத்தை யாவர் அளக்கவல்லார்? ஆயினும் அச்சிறப்பு ஏனைப் பசித்தோர்க்கு வாயிலடைக்கும் தாழாதல் கூடாது. அதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. திருவையாற்றை அடுத்த திங்களூரே போதும்.

அப்பூதியடிகள் ஆங்கு வழியிடையே தண்ணீர்ப்பந்தர் அமைத்தார். தண்ணீர்ப்பந்தராவது வெயிலில் வருவார் எவர்க்கும் உரியது. விடாய்த்தவன் நாவை நனைக்குமுன் நெற்றியை நோக்கும் பந்தர் எவ்வூரிலும் இல்லை. அப்பந்தரில் அவர் எழுதியது தம் பெயரன்று. தாம் கண்ணாற் கண்டறியாத திருநாவுக்கரசர் பெயர். வழிவந்த அரசுகள், 'நும்பெயர் எழுதாது வேறொரு பெயர் எழுதியது என்னை?' என வினவ, வினாவியவர் அவரே என்றறியாத அடிகள் வெகுண்டார். சாந்தமே உருவாய அவ்வந்தணர் வெகுண்டது இதுகுறித்தே என்பதை நாம் பலகாற் படித்தும் விரைந்து கடந்துவிடுகின்றோம். யான் ஈந்தேன் என்னும் முனைப்பொடு செய்த நல்வினையும் பொன்விலங்காய்ப் பிணிக்கும் என்பர் நம் பெரியோர். அதற்கஞ்சி ஈயாதிருத்தல் இரும்புவிலங்கைத் தேடிப் பூணுதலாம். ஈகையையும் விடாது, யான் என்பதனையும் ஏற்காது நிற்றற்கு வழி யாதெனின், பத்தாஞ் சூத்திரம் கூறும் இறைபணி நிற்றலே. அடிகள் அந்நிலையைத் தண்ணீர்ப்பந்தரில் ஒரு பெயராக எழுதிவைத்தார்.

நம் காலத்துத் திருக்கோயில்களிலோ மின்விளக்குக் குழலின்மேல் உபயகாரர் பெயரைப் பட்டையாகத் தீட்டி, வரும் ஒளியிற் பாதியை மறைத்து விடுகின்றனர். தீட்டியவரைமட்டும் குறை கூறுவதெங்ஙனம்? சலவைக்கல்லில் நம் பெயர் பொறித்திருப்பதொன்றை, அவ்வழிச் செல்லுந்தோறும் நாமும் ஓரக்கண்ணால் நோக்கியதுண்டு.

இவ்வாண்டுக் குருபூசையில் அடியார் பந்திக்குப் பின்னர் இரண்டாம் பந்தி ஒன்று வைக்கப்பெற்றது. வாயிலில் வினவுவார் எவரையும் நிறுத்தவில்லை. நீறணிந்தோரும் அணியாதோரும் வந்தனர்; அம்முதியவர் வந்திலர். அப்பந்திக்கு நெல் அளந்தவர் திண்ணையில் நம்மை வினாவிய அவ்வன்பரே. தம் வினாவுக்கு விடை கிடைத்ததாக அவர் இன்னும் ஒப்பினாரில்லை.