மாயையும் மெட்டும்

1957-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மாயா பஜார்’ படத்தின் பாடல்கள் எங்கள் தீவுப்பகுதி ஊரான நாரந்தனையில் இலங்கை வானொலியிலும் கலியாண வீட்டு ஒலிபெருக்கிகளிலும் ஓயாது ஒலித்த காலத்தில், வாசிகசாலைத் திண்ணையில் அவற்றைக் குறித்து மூண்ட வாதம், மேலோட்டமாகப் பார்ப்பவர்க்குச் சினிமா விவகாரமாகத் தோன்றினாலும், சைவர் வீட்டுத் தத்துவ விசாரமே என்பதை நான் வெகுகாலம் கழித்தே உணர்ந்தேன்.

தேவாரப் பண்களில் தோய்ந்த பெரியவர் ஒருவர் அந்தச் சங்கீதத்தை ஏற்க மறுத்தார். அவர் மறுப்புக்கு ஆதாரமும் இருந்தது. எஸ். ராஜேஸ்வரராவ் சில பாடல்களுக்கு மெட்டமைத்துவிட்டு விலகிக்கொள்ள, எஞ்சியவற்றைக் கண்டசாலா நிறைவு செய்தார். நிலவில் ஓடம் செல்லும் காதலர் பாட்டோ மோகன ராகத்தின் சாந்தத்தில் மிதக்க, கடோத்கசன் கலியாண விருந்தைக் கண்டு களிக்கும் பாட்டோ, பழைய நாடக மேடையின் வாசனையோடு, திருச்சி லோகநாதன் குரலில் அட்டகாசமாய்ச் சிரிக்கிறது. இத்தனையும் ஒரே படத்தில் வந்தால் எந்த ரசம் உள்ளத்தில் நிலைக்கும் என்பது அவர் கேள்வி.

கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் விடை சொன்னார்: “உது எங்கட கூழ் மாதிரி, ஐயா. ஒடியல் மாவும் நண்டும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் ஒண்டாக் கொதிச்சால்தானே கூழ்?” பரதமுனிவர் நாட்டிய சாஸ்திரத்தில் ரசத்தின் இயல்பை விளக்கப் புகுந்தபோது, பலவகை வியஞ்சனங்கள் சேர்ந்து சமைந்த அன்னத்தின் சுவையையே உவமையாக எடுத்தார் என்பதை அண்ணாவியார் படித்தறிந்தவரல்லர், தீவுப்பகுதியின் அடுப்படி அவருக்கு அதைக் கற்பித்திருந்தது.

பெரியவர் அதற்கும் இணங்கவில்லை. “பேரே மாயை, பொய்க்கு ஏது சுருதி?” என்றார். அவருடைய வேதனை முழுவதும் இந்தச் சொல்லில்தான் இருந்தது. அதை நான் மதிக்கிறேன். ஆயினும் அவர் நாள்தோறும் ஓதிய சித்தாந்தமே அவருக்கு மாறாக நிற்கிறது. மாயை வெறுந்தோற்றம் என்பது மாயாவாதியின் துணிபு. சைவ சித்தாந்தியோ அதனை உள்பொருளென்றும், ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு உடலும் கருவியும் உலகும் போகமும் அதிலிருந்தே தரப்படுகின்றன என்றும் கொள்கிறான். உமாபதி சிவாச்சாரியார் திருவருட்பயனில் மாயையை, பொழுது புலரும்வரை உதவும் விளக்குக்கு ஒப்பிடுகிறார். இன்னும் நுணுகிப் பார்த்தால், நாதமே சுத்த மாயையில் முதலில் தோன்றும் தத்துவம். வைகரி முதலிய நால்வகை வாக்கும் அந்தச் சுத்த மாயையின் விருத்திகளே. ஆகவே சம்பந்தரின் பண்ணும், கடோத்கசனின் சிரிப்பும், நம் செவியை அடைவதற்கு அந்த ஒரே வாசல் வழியாகத்தான் வரவேண்டியிருக்கின்றன.

அப்படியானால் ஒரே பாட்டு ஒருவருக்கு அமிர்தமாகவும் மற்றவருக்குக் கூச்சலாகவும் இருப்பதேன்? தன்னைச் சார்ந்த பொருளின் நிறத்தைத் தானும் ஏற்கும் படிகம்போல, உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிறது. எதைச் சார்வது என்பதோ அவரவர் பக்குவத்தைப் பொறுத்தது. கேட்பவரின் அபிப்பிராயம் பாட்டைக் காட்டிலும் அவரைப் பற்றியே அதிகம் பேசுகிறது என்று நான் கருதுவது இதனால்தான். ஊர்காவற்றுறைக் கடலோரத்தில் ஓரிரவு, எங்கிருந்தோ காற்றில் வந்த அந்த ஓடப் பாட்டைக் கேட்டு, நெடுநாள் அலைந்த என் மனம் ஒரு கணம் அசைவற்று நின்றது. அது சிருங்காரமா, பக்தியா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. பிரிக்கவேண்டும் என்றும் தோன்றவில்லை.

பெரியவரிடம் ஒருநாள் இந்த விளக்குவமையைச் சொன்னேன். வெகுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, “விளக்கெண்டால் சரி, தம்பி, ஆனால் விடிஞ்ச பிறகும் திரியைத் தூண்டிக்கொண்டு இருக்கப்படாது” என்றார். அந்தச் சொல்லுக்கு அன்றும் என்னிடம் விடை இருக்கவில்லை, இன்றும் இல்லை.